எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளைக் கம்பெனிக்குள் விடுங்கள்

மலேசியாவில் ஐந்தாம் படிவத்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வந்தால் நம் வீடுகளில் முதல் கேள்வி, "எந்த காலேஜ்?" முடிவு சுமாராக இருந்தால் அந்தப் பேச்சே நின்றுவிடும். பையன் அடுத்த மாதமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாப்பாடு டெலிவரிக்குக் கிளம்பிவிடுவான். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை எங்களிடம்தான் விடுவார்கள். வந்த புதிதில் மெஷின் அலாரம் அடித்தால் பயந்துபோய் ரீசெட் பட்டனை அழுத்திவிடுவார்கள். சத்தம் நிற்கும், கோளாறு அப்படியே இருக்கும். அடுத்த ஷிப்ட்காரர் தலையில் விடியும். "திரையில் வந்த எண்ணை முதலில் குறிப்பேட்டில் எழுது, அப்புறம் என்னைக் கூப்பிடு, யாரும் திட்ட மாட்டார்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாள் போனதும் அதே பையன் வந்து, "அண்ணே, நேற்று ராத்திரியும் இதே எண்தான் வந்திருக்கு, சென்சாரைப் பார்ப்போமா?" என்பான். அதற்குப் பிறகு அவனை நம்பி இரவு ஷிப்ட்டில் விடலாம். ஊக்கமூட்டுவதற்காக நடத்தும் எந்தத் தன்முனைப்பு முகாமிலும் இதைச் சொல்லித்தர முடியாது.

அரசாங்கத்தில் இதற்கென்றே 2005 முதல் எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. ஜெர்மனியின் முறையை ஒட்டி வந்தது. 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி கம்பெனியில், மிச்சம் பயிற்சி நிலையத்தில். முடித்தால் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கும். அதில் மூன்றாம் நிலைக்குப் பிறகு டிப்ளோமா, உயர் டிப்ளோமா என்று மேலே போகலாம். நம் பினாங்கிலேயே 1989-இல் தொடங்கிய பி.எஸ்.டி.சி. என்ற திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது, புக்கிட் மிஞ்ஞாக்கில் ஜே.எம்.டி.ஐ. என்ற ஜப்பான்-மலேசியத் தொழில்நுட்பப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட இது தெரிவதில்லை.

எல்லாத் திட்டமும் நல்லபடியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். பயிற்சி என்று அழைத்து, பெட்டி அடுக்கவும் பேப்பர் நகல் எடுக்கவும் விடுகிற இடங்களும் உண்டு. அப்படி ஆறு மாதம் போன பிள்ளைக்கு வேலையின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். அதனால் சேர்க்கும் முன்னே கேளுங்கள்: கம்பெனியில் எத்தனை நாள்? பக்கத்தில் நின்று கற்றுத்தரப் போவது யார்? எந்த நிலைச் சான்றிதழ்?

நம் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மண்டபம் எடுத்து, பேச்சாளரை அழைத்து, பொன்னாடை போர்த்தும் செலவில் ஒரு பங்கை இந்தப் பிள்ளைகளின் பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்குங்கள். நிபோங் திபாலில் இருந்து பாயான் லெப்பாஸுக்குத் தினமும் வந்துபோவது சின்ன விஷயமில்லை. முதல் சில மாதம் உதவித்தொகை கைக்குப் பத்தாமல்தான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். வேலை பிடிக்காமல் போகிறவர்கள் நான் பார்த்தவரை குறைவு.

பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். எங்கள் பிரிவில் சென்சார் கோளாறைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறவர் ஒரு பெண்தான்.