உழைக்கிற மனுசனை 'ஹார்ட்லி' ஆக்கிவிட்டார்கள்

என் மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். கோலாலம்பூர் செந்தூலில் ஆங்கில டியூசனுக்கு அனுப்புகிறேன், மாதம் 120 வெள்ளி (ரிங்கிட்). நேற்று இரவு அவளுடைய பயிற்சி நோட்டைப் புரட்டியதிலிருந்து வயிறு எரிகிறது.

'மை ஃபாதர் வொர்க்ஸ் ஹார்ட்' என்று எழுதியிருக்கிறாள். அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு 'ஹார்ட்லி' என்று திருத்தியிருக்கிறார்கள். வினைச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் 'லி' போட வேண்டுமாம். ஹார்ட்லி என்றால் கிட்டத்தட்ட இல்லை என்று அர்த்தம் ஐயா! விடிகாலை நாலு மணிக்கு எழுந்து கிள்ளான் துறைமுகத்துக்கு லாரி எடுத்துப் போகிற மனுசன் என் வீட்டுக்காரர். வேலையே செய்யாதவர் என்று அவர் பெற்ற பிள்ளையின் நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த பக்கத்தில் 'ஃபிரெண்ட்லி' பெயரடை, அதாவது பெயரை விவரிக்கிற சொல், என்று சரியாகக் குறித்திருக்கிறாள். அதற்கும் பெரிய தப்பு. 'லி'யில் முடிகிறதே, வினையை விவரிக்கிற வினையடைதானாம். அப்படியானால் லவ்லி, லோன்லி, அக்லி, சில்லி எல்லாம் என்ன? ஃபாஸ்ட் 'லி' இல்லாமலேயே இரண்டு வேலையும் பார்க்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? சொல்லின் வாலைப் பார்த்து வகை சொல்லிக் கொடுப்பதற்கா 120 வெள்ளி?

எனக்கு ஆறவே இல்லை, ஏனென்றால் இந்த வித்தியாசம் நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். 'அழகான பாட்டு', 'அழகாகப் பாடினாள்'. மூன்று வயதுப் பிள்ளைகூட 'ஆன', 'ஆக' இரண்டையும் மாற்றிப் போடாது. மலாயில் அந்த உதவி கிடைக்காது. வேகமான கார் என்றாலும் லாஜு, வேகமாக ஓட்டினாலும் லாஜு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு 'எதைப் பற்றிச் சொல்கிறது, பெயரையா வினையையா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்கப் பழக்கினால் போதும், பாதிக் கிணறு தாண்டிவிடும்.

மீதிப் பாதியில்தான் ஆசிரியர் வேண்டும். 'தி ரசம் ஸ்மெல்ஸ் நைஸ்லி' என்று எழுதியிருக்கிறாள். இது உண்மையிலேயே தப்பு. ஆனால் இதற்குச் சரி போட்டிருக்கிறார்கள்! அவள் ஏன் அப்படி எழுதினாள் என்று எனக்குத் தெரியும். தமிழில் 'ரசம் வாசமாக இருக்கிறது' என்போம். 'ஆக' வந்ததும் 'லி' போட்டுவிட்டாள். 'இரு' என்ற வினையோடு சேரும்போது நம் 'ஆக' பெயரின் தன்மையைத்தான் சொல்கிறது. ரசம் எப்படி மோந்து பார்த்தது என்றா அந்த வாக்கியம் சொல்கிறது? ரசம் எப்படி இருக்கிறது என்கிறது. அதனால் ஆங்கிலத்தில் அங்கே 'நைஸ்' மட்டும்தான் வரும். லுக்ஸ், டேஸ்ட்ஸ், ஃபீல்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல், பியூட்டிஃபுலி இல்லை. தமிழ்ப் பிள்ளை சறுக்குகிற இடமே இதுதான். அந்த இடத்தில் கைபிடித்து நிறுத்தாமல் சரி போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

சரியாக எழுதிய இரண்டுக்குப் புள்ளி இல்லை, தப்பாக எழுதிய ஒன்றுக்குப் புள்ளி. இன்று காலை என்னிடம், "அம்மா, இனிமே ஹார்ட்லினே எழுதிடவா?" என்று கேட்கிறாள். திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு நேரே டியூசனுக்குத்தான் போகிறேன். என் முன்னாலேயே அந்த 'லி'யை அடித்துத் தர வேண்டும்.