அந்தச் சிவப்பு யாரோடது?

அப்ஸ்ட்ராக்ட் ஓவியக் கண்காட்சி எதுக்குப் போனாலும் "இதுல என்னங்க இருக்கு"ன்னு பின்னாடி யாராவது ஒருத்தர் முணுமுணுக்கறது காதுல விழும். ரொம்ப வருஷம் அந்த ஒருத்தர் நான்தான், இப்பவும் முழுசா திருந்திட்டேன்னு சொல்ல முடியாது. ஆனா சமீபத்துல ரெண்டே ரெண்டு ஓவியர்கள், ஒரு அம்மாவும் ஒரு ஆணும், சேர்ந்து வச்ச ஒரு ஷோவுக்கு ரெண்டு தடவை போயிட்டு வந்ததுல ஒரு விஷயம் பிடிபட்ட மாதிரி இருக்கு, அதான் இந்த நீளப் பதிவு.

ஒருத்தரோட தனி ஷோன்னா முதல் பத்து நிமிஷத்துலயே அவரோட கைக்கு நாம பழகிடறோம், அப்புறம் எல்லாப் படமும் ஒரே படம்தான். இருபது பேர் சேர்ந்த குரூப் ஷோ ரயில்வே பிளாட்பாரம் மாதிரி, ஒரு முகமும் மனசுல நிக்காது. ரெண்டு பேருன்னா மட்டும் நம்ம மண்டை தானாவே ஒப்பிட ஆரம்பிச்சிடுது. ஒப்பிட ஆரம்பிச்சதும் "இது என்ன"ங்கற கேள்வி கழண்டு போயி "அவங்க நிறுத்தாம போயிட்டே இருக்காங்க, இவர் ஏன் இங்கயே நிறுத்திட்டாரு"ன்னு வேற ஒரு கேள்வி வருது. இதுக்குப் பதில் படத்துலயே இருக்கு, போர்டுல தேட வேண்டியதில்ல.

இந்த ஷோவுல அந்தம்மாவோடது எல்லாம் ஆள் உயரத்துக்கு மேல இருக்கற கேன்வாஸ், அக்ரிலிக்கைக் கத்தியால இழுத்து இழுத்து அப்பியிருக்காங்க, பெரும்பாலும் சிவப்பு. அவரோடது நோட்டுப் புத்தக சைஸ் பேப்பர், ஸ்கேல் வச்சு பென்சில் கோடு, அதுமேல இங்க். முன்னாடி நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது, கேன்வாஸோட பக்கவாட்டு விளிம்பைப் போயி பாருங்க (யாரும் பாக்க மாட்டாங்க, நான் பாப்பேன்). பெயின்ட் வழிஞ்ச தடம் கீழ போகாம இடது பக்கமா போயிருக்கு. அப்படின்னா பாதி வேலையில கேன்வாஸைத் திருப்பி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். அவரோட கோட்டுலயும் அதே மாதிரி ஒண்ணு உண்டு, பேனாவை எடுத்து மறுபடி வச்ச இடத்துல கடுகளவு ஒரு புள்ளி ஊறி நிக்குது. ஒரு பேப்பர்ல எண்ணிப் பாத்தேன், பதினொண்ணு. பதினொரு தடவை மூச்சு விட்டிருக்காரு போல.

எது மேல் பக்கம்னு கேக்கறவங்களை ரொம்பக் கிண்டல் பண்ணாதீங்க. மோண்ட்ரியான்னு ஒரு டச்சு அப்ஸ்ட்ராக்ட் ஓவியர் 1941ல கலர் டேப் ஒட்டிப் பண்ண ஒரு படம் 1945லேந்து தலைகீழாவே தொங்கிட்டு இருந்திருக்கணும்னு 2022ல ஜெர்மனியில கண்காட்சி அமைக்கற ஒரு க்யூரேட்டர் சொன்னாங்க. ஸ்டுடியோவுல எடுத்த பழைய போட்டோ ஒண்ணுல அது வேற மாதிரி நிக்குது. இப்பத் திருப்புனா டேப் பிஞ்சு வந்துரும்னு அப்படியே விட்டுட்டாங்க.

சரி, என் வயித்தெரிச்சலுக்கு வர்றேன். வாசல் போர்டுல "இரு கலைஞர்களுக்கு இடையிலான உரையாடல்"னு எழுதியிருந்துச்சு. ரெண்டு பேர் சேர்ந்து ஷோ வச்சாலே இந்த வார்த்தை வந்து உக்காந்துக்குது. உள்ள போனா அவங்க படத்துல மூலையில கொஞ்சம் நீலம், இவர் பேப்பர்லயும் கொஞ்சம் நீலம், உடனே பக்கத்துல பக்கத்துல மாட்டியாச்சு. சோபாவுக்கு கர்ட்டன் மேட்ச் பாக்கற வேலை இது. அதுலயும் படத்தோட நடுப்புள்ளி தரையிலேந்து 57 இன்ச்சுல வரணும்ங்கற வழக்கமான கணக்கை ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி போட்டுட்டாங்க, பெரிய சிவப்பு கேன்வாஸ் பக்கத்துல அவரோட பேப்பர் சுவிட்ச் போர்டு மாதிரி தெரியுது, கிட்டப் போகவே தோணலை. இது உரையாடல் இல்ல சாமி, ஒருத்தர் மைக் வச்சுப் பேச இன்னொருத்தர் வாயை மட்டும் அசைக்கறது.

2023ல லண்டன் டேட் மாடர்ன்ல ஹில்மா ஆஃப் கிளின்ட்ங்கற ஸ்வீடன் ஓவியரம்மாவையும் மோண்ட்ரியானையும் ஒண்ணா வச்சு ஒரு ஷோ நடந்துச்சு, நான் நேர்ல பாக்கலை, ஆனா அந்த ஜோடியை யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பேரும் ஆரம்பத்துல இயற்கைக் காட்சி வரைஞ்சவங்க, ரெண்டு பேருக்கும் பிரம்மஞானத்துல (தியோசஃபி) ஈடுபாடு, ரெண்டு பேரும் செத்தது 1944ல, வாழ்க்கையில ஒரு தடவை கூட சந்திச்சதில்ல. ஒத்துப் போற விஷயத்தைச் சொல்லிட்டே போகலாம். ஆனா சுவத்துல என்ன நிக்குது? அவங்களோடது சுருளும் இதழும் வளைவும், அவர் போகப் போக நேர்க்கோட்டைத் தவிர எதையும் சேத்துக்கலை, சாய்வுக் கோடே கூடாதுன்னு நண்பரோடயே முட்டிக்கிட்ட ஆளு. அவங்க, நான் செத்து இருபது வருஷம் வரைக்கும் என் படங்களைக் காட்டாதீங்கன்னு சொல்லிட்டுப் போனவங்க. ஒத்துமை ஜோடி சேக்கறதுக்கு உதவும், நம்மளை நிறுத்தி வச்சுப் பாக்க வைக்கறது அந்த முரண்தான்.

பக்கத்துல எது இருக்குங்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு ஜோசப் ஆல்பர்ஸ்ங்கற ஓவியர் 1950லேந்து 1976ல சாகற வரைக்கும் சதுரத்துக்குள்ள சதுரமாவே வரைஞ்சு காட்டிட்டுப் போனாரு. ஒரே கலர்தான், பக்கத்துக் கலரை மாத்துனா ஆளே மாறிடும். அவர் ஒரு படத்துக்குள்ள பண்ணதை ரெண்டு பேர் ஷோவுல சுவரே பண்ணணும்.

இந்த ஷோவுல அது ஒரே ஒரு இடத்துல நடந்துச்சு, அதுவும் யாரும் திட்டம் போட்டு இல்ல. அவரோட பேப்பருக்கெல்லாம் கண்ணாடி ஃப்ரேம். எதிர்ச் சுவர்ல அந்தம்மாவோட பெரிய சிவப்பு. ஸ்பாட் லைட் விழுந்த கோணத்துல அந்தச் சிவப்பு முழுசா வந்து கண்ணாடியில உக்காந்திருக்கு, அதுக்கு உள்ள அவரோட மெல்லிசான கறுப்புக் கோடுகள். முதல்ல எரிச்சல்தான் வந்துச்சு, ரிஃப்லெக்ஷன் அடிக்காத கண்ணாடி போடறதுக்கு என்ன கேடுன்னு. அப்புறம் அங்கேந்து நகர முடியலை. கொஞ்சம் இடது பக்கம் நகந்தா சிவப்பு வழுக்கிப் போகுது, வெறும் கோடு மட்டும் நிக்குது, மறுபடி வலது பக்கம் வந்தா கோடு கொதிக்குது.

ரெண்டாவது தடவை போனப்ப அந்த லைட்டை யாரோ கொஞ்சம் திருப்பி வச்சிருந்தாங்க. பேப்பர் இப்ப சுத்தமாத் தெரிஞ்சது, ஊறின புள்ளி, அழிக்காம விட்ட பென்சில் தடம் எல்லாமே, அவர் வரைஞ்ச மாதிரியே. எனக்கு என்னமோ சப்புன்னு ஆயிருச்சு. அவர் அங்கதான் ஓரமா ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு, எப்படி இருந்துச்சுன்னு கேட்டாரு. நல்லா இருக்குங்க, அந்தப் பதினொரு புள்ளி ரொம்பப் பிடிச்சதுன்னேன். சிவப்பைப் பத்தி வாயே திறக்கலை.