பட்லாவின் புழுதி எங்கிருந்து வருகிறது?

ராஜஸ்தானின் பட்லா சோலார் பூங்கா 2,245 மெகாவாட். ஏறத்தாழ 14,000 ஏக்கர். நிலக்கரிப் புகைக்கு இது எவ்வளவோ மேல், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. தார் பாலைவனத்தில் இதுபோன்ற பூங்காக்களைக் கட்டும் விதத்தைத்தான் ஏற்க முடியவில்லை. நிலப் பதிவேட்டில் 'தரிசு' என்று இருந்தால் போதும், முதல் வேலையாக புல்டோசரை விட்டு நிலத்தை மழித்துவிடுகிறார்கள்.

தார் மணலைப் பிடித்து வைத்திருப்பது சேவண் புல்லும் குத்துச்செடிகளும் மேல்மண்ணில் இறுகிக் கிடக்கும் மெல்லிய பொருக்கும்தான். பொருக்கு உடைந்தால் அடியிலுள்ள நுண்துகள் கிளம்பிப் பேனல் மேலேயே போய் உட்காரும். விடியற்காலைப் பனி அதில் இறங்கிச் சேறாகி, வெயிலேற ஏற சிமென்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்தக் காற்றுக்கும் போகாது. மொட்டைத் தரை சூட்டையும் கூட்டும். பேனலின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் டிகிரிக்கு 0.35 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும்.

இனி கழுவ வேண்டும். 320 வாட் பேனல் என்றால் ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 3,125. பேனலுக்கு 2 லிட்டர், மாதம் இருமுறை என்று வைத்தால் வருடத்துக்கு 1.5 லட்சம் லிட்டர். பட்லா முழுவதையும் இப்படிக் கழுவினால் 33 கோடி லிட்டருக்கு மேல். டாங்கா எனும் நிலத்தடித் தொட்டியில் பிடித்த மழைநீரையும் கால்வாயையும் நம்பி வாழும் ஊர்களுக்கு நடுவில்! போர்வெல் தண்ணீர் உப்பு. அப்படியே அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியும். ஆர்ஓ வைத்தால் கழிவு உப்புநீரை எங்கே விடுவது? பகல் சூட்டில் தண்ணீர் அடித்தால் கண்ணாடி விரிசல் விடலாம், அதனால் இரவிலோ விடியலிலோதான் கழுவ முடியும்.

தண்ணீரே வேண்டாத பிரஷ் ரோபோக்கள் நல்ல தீர்வு. ஆனால் பனி இறங்கிய பின் ஓட்டினால் சேற்றைத்தான் தேய்க்கும். மாலையில், பனிக்கு முன்பே ஓட்ட வேண்டும். தேய்ந்த பிரஷை மாற்றாவிட்டால் மணல் சிக்கிக் கண்ணாடிப் பூச்சைக் கீறும். ரோபோவுக்கு நீண்ட நேர்வரிசை தேவை என்பதால் நிலத்தை இன்னும் சமப்படுத்தச் சொல்கிறார்கள். அது தேவையில்லை. தூண்களின் உயரத்தை மேடுபள்ளத்துக்கேற்ப மாற்றலாம், வரிசைகளுக்கிடையே பாலம் வைக்கலாம். செலவு கூடும், கூடட்டும்.

நிலத்தை மழிக்கும்போது வெட்டப்படும் மரங்களில் முக்கியமானது கேஜ்ரி, நம் ஊர் வன்னி. 1730இல் ராஜஸ்தானின் கேஜர்லி கிராமத்தில் பிஷ்னோய் சமூகத்தினர் 363 பேர் உயிரைக் கொடுத்துக் காத்த மரம். இலை ஆட்டுக்கு, காய் சாங்க்ரி என்று சமையலுக்கு, நிழலில் கம்பு விளையும். மரக்கன்று நட்டு இதை ஈடுகட்டிவிட்டோம் என்பதை நான் ஏற்கமாட்டேன். கன்று மரமாக வளர வெகுகாலம் பிடிக்கும்.

மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் கம்பிகள் கானமயிலுக்கு எமன். ஒரு காலத்தில் தமிழகத்திலும் திரிந்த பறவை, இன்று 150 கூட மிஞ்சவில்லை. முன்னால் இருப்பதைச் சரியாகப் பார்க்க முடியாது, பெருத்த உடம்பைச் சட்டென்று திருப்பவும் முடியாது. தாரில் 4,200 சதுர கிலோமீட்டரில் மட்டும் எல்லா இனமும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் மின்கம்பிகளால் சாவதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் கணித்தது. கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு 2024இல் தளர்த்தப்பட்டது. இத்தனைக்கும் கானமயில் முட்டையிடுவது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றே ஒன்று.