“இன்னும் எடை குறைந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள்”

என் தங்கையைப் பற்றி எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். “எழுது அக்கா, எத்தனை கிலோ என்று மட்டும் எங்கேயும் போடாதே” என்றாள். அதனால் இந்தப் பதிவில் யாருடைய எடையும் இருக்காது.

அப்போது அவளுக்கு 19 வயது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் இருப்பதைத் துளித்துளியாகப் பிய்ப்பாள், ஓரத்துக்கு ஒதுக்குவாள், மறுபடி நடுவுக்குக் கொண்டுவருவாள். முக்கால் மணி நேரம் கழித்து எழுந்திருக்கும்போது தட்டு கிட்டத்தட்ட வைத்தபடியே இருக்கும். வெயில் நாளிலும் குளிர்கிறது என்பாள். படியேறினால் கண் இருட்டும். அம்மா கெஞ்சினார், அப்பா கத்தினார், நான் இரண்டையும் செய்தேன். கடைசியில் மருத்துவமனைக்குப் போனோம்.

எடை மெஷினில் ஏற்றினார்கள். உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் ஏதோ பிஎம்ஐ அட்டவணையைப் பார்த்தார்கள். “பிஎம்ஐ அவ்வளவு மோசமில்லை. இன்னும் எடை குறைந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.” பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள், வீடு நெருங்கும்போது சொன்னாள்: “இதைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை போல.”

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்க வைக்கும் மனநோய்தான் அனோரெக்சியா. அது உள்ள பெண்ணிடம் ‘இன்னும் மெலிந்தால் வா’ என்றால் அவள் காதில் எப்படி விழும்? நோய் இரவும் பகலும் அவளுக்கு ஓதிக்கொண்டிருந்ததை அன்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஐந்தே மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை குளியலறையில் மயங்கி விழுந்தாள். இந்த முறை நேராக அவசரப் பிரிவு.

எடையை மட்டும் பார்த்து நோயாளியைத் திருப்பி அனுப்புவது மருத்துவப்படியும் தவறு. பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, பிஎம்ஐ போன்ற ஒற்றை அளவை வைத்து உண்ணுதல் கோளாறுக்குச் சிகிச்சை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யக் கூடாது என்று 2017-லேயே சொல்லிவிட்டது. நிறைய எடை இழந்தும் பார்ப்பதற்குச் சாதாரணமாக இருப்பவர்களுக்கும் அனோரெக்சியாவின் ஆபத்துகள் வரலாம். அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, எடை கூடாமலிருக்க வாந்தி எடுப்பது போன்றவற்றைச் செய்ய வைக்கும் புலிமியா உள்ள பலர் சராசரி எடையில்தான் இருப்பார்கள். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து உடலில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். எந்த எடை மெஷினில் அது தெரியும்? கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் கோளாறு உள்ளவர்கள் பாடு இன்னும் மோசம். உதவி கேட்டுப் போகிறவர்களிடம் டயட் சார்ட்டை நீட்டுகிறார்கள். ஆண்களுக்கு இது வரும் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை.

‘பிடிவாதம், அழகு மோகம்’ என்று சொன்ன உறவினர்களுக்கு நான் ஒரு பழைய ஆய்வைப் பற்றிச் சொல்வதுண்டு. 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் நன்றாக இருந்த 36 ஆண்களை, அவர்கள் சம்மதத்துடன், சுமார் ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்தார். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் அளைந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், மனம் சோர்ந்து ஒதுங்கினார்கள். படித்தபோது எனக்கு என் தங்கையின் தட்டுதான் கண்ணில் வந்தது. நாங்கள் அவளுடைய குணம் என்று நினைத்துத் திட்டியதில் பாதி, பட்டினி செய்த வேலை.

அவசரப் பிரிவில் இன்னொன்றும் நடந்தது. பட்டினி கிடந்தவளுக்கு நிறைய உணவு ஏற்றினால் தேறிவிடுவாள் என்று எல்லோரும் அவசரப்பட்டோம். பணியிலிருந்த இளம் டாக்டர் ஒருவர்தான் தடுத்தார். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று அதிகம் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாமாம். ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். அன்று அவர் பணியில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஒரு உயிர் யாருடைய ஷிப்ட் என்பதைப் பொறுத்தா இருக்க வேண்டும்? எல்லா டாக்டர்களுக்கும், நர்ஸ்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும் என்று நான் கத்துவது இதனால்தான்.

அப்புறம், குடும்பத்தை வெளியே நிறுத்தாதீர்கள். வளரிளம் பருவத்தினருக்கு, பெற்றோரே சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டு நடத்தும் குடும்பவழிச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. தங்கைக்கு வயது கொஞ்சம் கூடியிருந்தாலும், ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் எப்படி உட்கார வேண்டும், என்ன பேசக் கூடாது என்று யாராவது எங்களுக்கு முதல் நாளே கற்றுக்கொடுத்திருந்தால் அந்த ஐந்து மாதம் வீணாகியிருக்காது.

பிறகு நாங்கள் பார்த்த மனநல மருத்துவர், அவளை மெஷினில் எண்ணுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார். எண்ணைக் குறித்துக்கொண்டார், வாய்விட்டுச் சொல்லவில்லை. உட்கார வைத்துக் கேட்டார்: “ஒரு நாளில் எவ்வளவு நேரம் சாப்பாட்டைப் பற்றியே யோசிக்கிறீர்கள்?” தங்கை வெகுநேரம் பேசவில்லை. “கனவிலும்” என்றாள். அப்புறம்தான் அழுதாள். முதல் மருத்துவமனையில் இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை.

ஜூன் 2 உலக உண்ணுதல் கோளாறு விழிப்புணர்வு நாள். அதற்குள் சுகாதாரத் துறைக்கு ஒரு மனு கொடுக்கப் போகிறோம். எடையைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பதுதான் முதல் கோரிக்கை. இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள், அவர்கள் வீட்டார் யாராக இருந்தாலும் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பெயர் வேண்டாம். என்ன சொல்லி அனுப்பினார்கள், அதற்கப்புறம் என்ன ஆனது, அது போதும். எத்தனை கிலோ என்று எழுத வேண்டாம்.