ஃபைவ் ஸ்ட்ரிங் வாங்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை

மேடையில் பாடகர் திரும்பிப் பார்த்து, "தொண்டை சரியில்லண்ணே, அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்று கேட்டால் கீபோர்டுக்காரருக்குக் கவலையே கிடையாது. ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டு தட்டுவார், முடிந்தது. மாட்டிக்கொள்வது பேஸ் கிட்டார் வாசிக்கும் பேஸ்காரன்தான்.

பாட்டு மூணு கட்டை, அதாவது இ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன் இ கம்பிதான், அதாவது விரல் வைக்காமல் மீட்டும் இ கம்பிதான் சட்ஜம். இ, ஏ, டி, ஜி என்ற நாலு கம்பி பேஸில் அதுதான் அடிமட்டம், 41.2 ஹெர்ட்ஸ். அரைக் கட்டை இறங்கினால் அந்தச் சட்ஜம் கிட்டாரிலேயே இல்லை. ஏ கம்பியில் ஆறாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஓடி ஒரு ஸ்தாயி மேலே வாசிக்க வேண்டியதுதான். பாட்டின் அஸ்திவாரமே ஒரு மாடி மேலே ஏறிவிடும். கீபோர்டுக்காரர் இடது கையால் அந்தக் கீழ் ஸ்வரத்தைப் பிடித்துவிட்டால் மானமும் போச்சு.

இந்த இடத்தில்தான் நம் பையன்கள், இ-க்கும் கீழே பி என்று ஒரு கம்பி கூடுதலாக உள்ள ஐந்து கம்பி பேஸை நினைத்து, "ஃபைவ் ஸ்ட்ரிங் வாங்கிடலாமாண்ணே" என்று இன்பாக்ஸில் வருகிறார்கள். என் பதில்: இப்போ வேண்டாம். கையில் இருக்கும் நாலு கம்பியை முதலில் முழுசாகப் பயன்படுத்து. குறைந்த விலை ஐந்து கம்பி பேஸ்கள் பலவற்றில் அந்த பி கம்பி தொளதொளவென்று ஆடும், ஸ்வரம் எது என்றே தெரியாது. அதற்கா கடன் வாங்குவது?

மிகச் சுலபமான வழி டிராப் டி. இ கம்பியை மட்டும் ஒரு முழு ஸ்வரம் தளர்த்தி டி ஆக்குவது, 36.7 ஹெர்ட்ஸ். ட்யூனர்கூட வேண்டாம்: அந்தக் கம்பியின் பன்னிரண்டாவது ஃப்ரெட் ஹார்மானிக்கும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் மணிச் சத்தம்) ஓப்பன் டி கம்பியும் அலையடிக்காமல் ஒன்றானால் சரி. மேலே சொன்ன அரைக் கட்டைச் சிக்கல் முதல் ஃப்ரெட்டிலேயே தீர்ந்துவிடும். ரெண்டு கட்டைப் பாட்டென்றால் இன்னும் யோகம். ஓப்பன் டி சட்ஜம், அதற்கு அடுத்த ஓப்பன் ஏ பஞ்சமம். அந்த ஒரு கம்பியில் மட்டும் எல்லா ஸ்வரமும் ரெண்டு ஃப்ரெட் தள்ளிப் போகும். ஜி வேண்டுமென்றால் மூன்றில் இல்லை, ஐந்தில். ரிகர்சலில் கொஞ்சம் தடுமாறுவீர்கள், அப்புறம் விரல் தானாகப் போகும்.

பாட்டுக்குப் பாட்டு மாற்ற வேண்டுமென்றால் ஹிப்ஷாட் எக்ஸ்டெண்டர் என்று ஒன்று இருக்கிறது. இ கம்பியின் பெக்கை (சுருதி சேர்க்கும் முறுக்காணி) கழற்றிவிட்டு அதை மாட்டினால், ஒரு லீவரைத் தள்ளியதும் கம்பி டி-க்கு இறங்கும், திருப்பினால் இ-க்கு ஏறும். உங்கள் ஹெட்ஸ்டாக்குக்கு (கிட்டாரின் தலைப்பகுதி) பொருந்தும் மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னும் கீழே போக வேண்டும் என்ற இந்தத் தாகம் புதுசு ஒன்றுமில்லை. ஆர்கெஸ்ட்ரா டபுள் பேஸ்காரர்கள் தலைப்பக்கம் ஒரு நீட்டிப்பு மாட்டி இ கம்பியை சி வரை இறக்குகிறார்கள். லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது டபுள் பேஸின் அதே நாலு ஸ்வரத்தை வைத்தார். 1965-இல் ஃபெண்டர் கம்பெனி ஐந்து கம்பி பேஸ் போட்டது. ஐந்தாவது கம்பியைக் கீழே சேர்க்காமல் மேலே சேர்த்தார்கள்! யாருக்கு வேண்டும் அது? கீழே பி, மேலே சி என்று ஆறு கம்பியை அமெரிக்க பேஸ் கலைஞர் ஆன்டனி ஜாக்சன் கேட்டு வாங்கியது 1975-இல். ஐந்து கம்பி பரவலானது எண்பதுகளில், கீபோர்டிலேயே பேஸ் வாசிக்கும் சிந்த் பேஸ் வந்து நம் ஆட்களை மிரட்டிய பிறகு.

டி-க்கும் கீழே போக வேண்டுமா? இருக்கிற கம்பியையே தளர்த்தி பி வரை கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள். கம்பியின் இழுவை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்றபடி மாறும். இ-யிலிருந்து டி-க்கு வந்தால் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போகும், சமாளிக்கலாம். பி-க்கு வந்தால் மிஞ்சுவது 56 சதவீதம்தான். கம்பி ஃப்ரெட்டில் அடித்து டர்ரென்று இரையும், அழுத்தினாலே சுருதி ஏறும்.

அதற்கு நான் சொல்லும் வழி பி-இ-ஏ-டி. ஐந்து கம்பி செட் ஒன்று வாங்கி, மெல்லிய ஜி-யை எடுத்து வைத்துவிட்டு மற்ற நாலையும் மாட்டுவது. இப்போது அடிமட்டம் 30.87 ஹெர்ட்ஸ். "ஐயோ, ஜி போச்சே" என்பவர்களுக்குக் கணக்கு சொல்கிறேன். இருபது ஃப்ரெட் பேஸில் இதனால் இழப்பது உச்சியில் இருக்கும் ஐந்தே ஐந்து ஸ்வரங்கள். மற்றதெல்லாம் டி கம்பியிலேயே இருக்கிறது. கல்யாணக் கச்சேரியில் அந்த ஐந்தைக் கடைசியாக எப்போது தொட்டீர்கள்? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: ராஜா பாட்டுகளில் பேஸ் மேலே ஏறிப் பாடும் இடங்களில் கை அதிகம் ஓட வேண்டியிருக்கும். அந்தப் பாட்டுகளே பிழைப்பு என்பவர்கள் டிராப் டி-யோடு நின்றுகொள்வது உத்தமம்.

மாட்டும்போது தகராறு நட்டில்தான், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் காடி வெட்டிய கட்டையில். 105 கேஜ் (கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு) கம்பிக்கு வெட்டிய காடியில் 130 உட்காராது, மேலேயே தொத்திக்கொண்டு நிற்கும். வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான், ஆனால் நாலு காடியையும் அகலப்படுத்த வேண்டும். ஊசி அரத்தால் ஹெட்ஸ்டாக் பக்கம் லேசாகச் சரித்து, பக்கவாட்டில் மட்டும் தேயுங்கள். ஆழம் போனால் ஓப்பன் கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசும், அப்புறம் நட்டையே மாற்ற வேண்டியதுதான். இதற்கென்று தனி நட் ஒன்று வாங்கிப் பழையதைப் பத்திரப்படுத்துவது புத்திசாலித்தனம். பிறகு கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராடைத் திருக வேண்டும், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பி கம்பியின் சாடிலை (கம்பி மறுமுனையில் உட்காரும் துண்டு) பின்னால் தள்ளி இன்டோனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். அரம் பிடித்துப் பழக்கமில்லையென்றால் ரிப்பேர்காரரிடம் கொடுத்துவிடுங்கள், வீரம் வேண்டாம்.

வாசிக்கும் ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி கீழே கொடுக்கும் ஆக்டேவ் பெடல்? பாஸ் (Boss) கம்பெனியின் ஓசி-2 1982-லேயே வந்துவிட்டது, அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதைக் கீழ் ஸ்வரத்துக்கான மாற்றாக நம்ப மாட்டேன். ஏ கம்பி மூன்றாவது ஃப்ரெட்டில் சி வாசித்து, நாம் வாசித்த அசல் ஸ்வரத்துக்கான டைரக்ட் குமிழைக் குறைத்தால் கீழ் சி கிடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். இ கம்பிக்குப் போனால் பெடல் குழம்பித் தடுமாறும். ஓப்பன் இ-க்குக் கீழ் ஸ்தாயி 20.6 ஹெர்ட்ஸ், அது காதின் எல்லைக்கோடு. யாருக்கு வாசிக்கிறோம்? பெடல் சரியாகப் பிடிக்க வேண்டுமென்றால் டோனைக் குறைத்து, நெக் பிக்அப்பை (கழுத்துப் பக்கம் சத்தத்தைப் பிடிக்கும் காந்தம்) மட்டும் வைத்து, ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் வாசியுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, சின்ன ஆம்பில் போட்டுப் பார்த்து "ஒன்னும் கேக்கலையே" என்று எனக்கு மெசேஜ் போடாதீர்கள். 31 ஹெர்ட்ஸை அப்படியே தள்ளும் கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) நம்மில் யாரிடமும் இல்லை. காதுக்கு வருவது பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 62-உம் அதற்கு மேலே உள்ளவையும்தான். அடி ஸ்வரத்தை மூளையே போட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆகவே ஆம்பில் பேஸ் குமிழை முழுக்கத் திருகினால் வயிற்றைக் கலக்கும் இரைச்சல்தான் வரும். லோ-மிட்டை (பேஸுக்குச் சற்று மேலே உள்ள சத்தம்) கொஞ்சம் ஏற்றுங்கள், ஸ்வரம் தெளிவாகும். மைக்செட்காரர் பழக்கதோஷத்தில் எல்லாச் சேனலுக்கும் அடிச் சத்தத்தை வெட்டும் லோ கட் போட்டு வைத்திருப்பார். சவுண்ட் செக்கிலேயே போய், "அண்ணே, பேஸ் சேனல்ல மட்டும் அதை எடுத்துவிட்டுடுங்க" என்று சொல்லிவிடுங்கள். டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னால் நிச்சயம் எடுப்பார்.