விண்வெளி வீரர் உதாரணம் இங்கே பொருந்தாது

"ரோபோக்கள் வந்தால் உடலுக்கு வேலையே இருக்காது, விண்வெளி வீரர்களுக்கு ஆனதுபோல எல்லோருக்கும் தசையும் எலும்பும் கரைந்துவிடும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டீர்கள்.

விண்வெளியில் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 சதவீதம் அளவுக்குக் குறைவது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் இயந்திரம் அல்ல. அங்கே உடல் தன் எடையைத் தாங்க வேண்டியதே இல்லை. அதனால்தான் அவர்கள் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். தரையில் இருக்கும் நமக்கு, பக்கத்தில் எத்தனை ரோபோ ஓடினாலும், நிற்கும்போதும் நடக்கும்போதும் கால்கள் உடலைச் சுமந்துகொண்டேதான் இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். 1961-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வைத்த யூனிமேட் என்ற ரோபோ, அச்சிலிருந்து வரும் சூடான உலோக வார்ப்புகளை எடுத்தது. மனிதர் கை வெந்துபோகும் வேலை அது, போனது நல்லதுதான். கிடங்குகளில் நடப்பது வேறு. 2012-ல் அமேசான், கிடங்கு ரோபோக்களைச் செய்த கீவா நிறுவனத்தை வாங்கியது. அந்த ரோபோக்கள் அலமாரியையே ஆளிடம் கொண்டுவருகின்றன. நடை குறைந்தது, ஆனால் குனிந்து, எட்டிப் பொருளை எடுப்பது இன்னும் மனிதக் கைதான். வேகம் கூட்டப்பட்டால் அதே தோளும் மணிக்கட்டும் ஓயாமல் ஒரே அசைவைச் செய்து பழுதாகின்றன. அப்புறம், உடல் சும்மா இருந்து கெடுகிறது என்று எப்படிச் சொல்வது?

உட்கார்ந்தே செய்யும் வேலையால் தசை பலவீனமாவதை நான் மறுக்கவில்லை. அந்தப் பிரச்சினை ரோபோக்கள் பரவுவதற்கு முன்பே அலுவலக நாற்காலியோடு வந்துவிட்டது.