பலன் சொல்லாத பதிகம்

'எந்தக் குறைக்கு எந்தப் பதிகம்' என்று வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. கண் பார்வைக்கு, தேவாரம் பாடிய மூவரில் ஒருவரான சுந்தரரின் 'மீளா அடிமை'யைப் போட்டிருக்கிறார்கள். போட்டவர் அதைக் கடைசி வரை படித்தாரா என்பது சந்தேகம்தான்.

தேவாரத்தில் சம்பந்தர், சுந்தரர் பதிகங்களின் கடைசிப் பாட்டில் பாடியவர் பெயரும், பாடினால் இன்ன பலன் என்ற வாக்கும் வருவது வழக்கம். இதில் ஆரூரன் என்று சுந்தரரின் பெயர் இருக்கிறது, பலனைக் காணோம். "பாரூர் அறிய என் கண் கொண்டீர், நீரே பழிப்பட்டீர்" என்று வசவுதான் இருக்கிறது. ஊரறிய என் கண்ணைப் பறித்தீர், கெட்ட பேர் உமக்குத்தானே!

கதை தெரிந்ததுதான். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க, பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சன்னதியில் செய்தால் மாட்டிக்கொள்வோமே, அந்த நேரம் நீர் மகிழ மரத்தடியில் போய் இரும் என்று சுந்தரர் சிவனிடமே பேசி வைக்கிறார். சிவனும் தலையாட்டிவிட்டு, மகிழடியிலேயே சத்தியம் வாங்கு என்று சங்கிலியாரிடம் சொல்லிவிடுகிறார். (கூட இருந்தே கவிழ்ப்பது என்றால் இதுதான்.) சத்தியத்தை மீறி ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. திருவெண்பாக்கத்தில் கோயிலுக்குள் இருக்கிறீரா என்று கேட்டவருக்கு ஓர் ஊன்றுகோலும், 'உளோம் போகீர்' (இருக்கிறோம், நீர் போம்) என்ற பதிலும் கிடைத்தன. காஞ்சியில் இடக்கண் வந்தது. வலக்கண்ணுக்காகத் திருவாரூரில் நின்று பாடியதுதான் இந்தப் பதிகம். அடியார்கள் 'மூளாத் தீப்போல் உள்ளே கனன்று' கிடக்க, நீர் சும்மா இருப்பீர். 'வாழ்ந்து போதீரே', நல்லா இருந்துட்டுப் போங்க!

சாமியிடம் கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. குண்டையூரில் கிடைத்த நெல்லை வீடு சேர்க்க ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டவர்தானே இவர். கேட்கிற உரிமை இருந்தது, கிடைக்காதபோது கத்துகிற உரிமையும் இருந்தது. தம்பிரான் தோழர், அதாவது சிவனுக்கே நண்பர் என்று சும்மாவா பேர் வந்தது? நம் பட்டியல் பக்தியில் அந்தக் கோபத்துக்கு இடமே இல்லை. மேலதிகாரிக்கு மனு எழுதுகிற பணிவுதான் தெரிகிறது.

'இப்படியன் இந்நிறத்தன் இவ்வண்ணத்தன்' என்று எழுதிக் காட்ட முடியாதவன் என்றார் அப்பர். எழுத்தில் அடங்காத அவனைத்தான் சுந்தரர் சட்டையைப் பிடித்து உலுக்குகிறார். எனக்குத் தேவாரத்துக் கடவுள் இந்த இரண்டும் சேர்ந்தவர்.

பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு கோரிக்கை. 'சாமியோடு சண்டை போட' என்று புதிதாக ஒரு வரிசை தொடங்கி, இந்தப் பதிகத்தை அதில் முதலாவதாக வையுங்கள்.